கைசேராத ஜீவனாம்சம்

மணவிலக்கின்போது மனைவிக்குரிய ஜீவனாம்சத்தை முடிவு செய்ய இந்நாட்டில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், கிறித்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம், முஸ்லிம் பெண்களுக்கான 1986-ஆம் ஆண்டின் சட்டம், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என வாயில்கள் பல உள்ளன. எம்மதத்தவர்க்கும் பொதுவாக விளங்கிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இத்தனை இருந்தும், நீதிமன்ற ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலையும் பெண்கள் குறைந்தபாடில்லை. ஆணையில் எழுதப்பட்ட தொகைக்கும் வீடு வந்து சேரும் தொகைக்கும் உள்ள இந்த இடைவெளியை அடைக்காதவரை, சட்டம் தன் கடமையை முடித்துவிட்டதாகக் கருத இயலாது.

ஜீவனாம்சத்தைப் பிரிந்துபோன மனைவிக்குக் கணவன் போடும் பிச்சையாகவோ, கணவனுக்கு நீதிமன்றம் விதிக்கும் தண்டமாகவோ பார்க்கும் பழக்கம் நம் சமூகத்தில் வேரோடியிருக்கிறது. இரண்டும் பிழையான பார்வைகள். திருமணம் ஆன நாள் முதல் கணவனின் ஊருக்கு இடம்பெயர்ந்து, படிப்பையோ பணியையோ பாதியில் நிறுத்தி, பிள்ளைகளை வளர்த்து, மாமனார் மாமியாரின் நோய்நொடியையும் பார்த்துக்கொண்ட பெண்ணின் உழைப்பு அந்தக் குடும்பத்தின் வருமானத்துக்குள் கலந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நடுவண் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்களே. கணவன் கவலையின்றி வெளியே சென்று பொருளீட்ட முடிந்ததற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம்.

சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் வழங்கிய தீர்ப்பொன்றில் இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டில் உழைத்த கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்ட சொத்துகளில், வீட்டைக் காத்து நின்ற மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று அத்தீர்ப்பு கூறியது. அது சொத்துரிமை வழக்கு. ஜீவனாம்ச வழக்கு அன்று. ஆயினும் அதன் அடிப்படை இங்கும் பொருந்தும். இருவரும் சேர்ந்து கட்டிய வாழ்வு குலையும்போது, அதில் ஒருவர் வெறுங்கையோடு வெளியேற்றப்படக் கூடாது என்பதே ஜீவனாம்சத்தின் அறம்.

இந்த அறம் சட்டத்தில் நிலைபெற நெடுங்காலம் பிடித்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இல்வாழ்க்கை நடத்திய பின் 1975-இல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட இந்தூர் மூதாட்டி ஷா பானுவுக்குக் கீழ் நீதிமன்றம் முதலில் வழங்கியது மாதம் 25 ரூபாய். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அந்தத் தொகையை எதிர்த்தும் கணவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1985-இல் அந்த மேல்முறையீடு தள்ளுபடியானது. மறு ஆண்டே நாடாளுமன்றம் புதிய சட்டத்தால் அத்தீர்ப்பின் பயனைச் சுருக்க முற்பட்டது. அச்சட்டத்தை 2001-இல் ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணின் எதிர்காலம் முழுமைக்குமான நியாயமான ஏற்பாட்டைக் கணவர், மணவிலக்குக்குப் பிந்தைய காத்திருப்புக் காலமான இத்தாவுக்குள் செய்தாக வேண்டும் என்று பொருள் கூறியது. பொதுச் சட்டத்தின்கீழும் அவர்கள் ஜீவனாம்சம் கோரலாம் என்பதை 2024 ஜூலை 10 அன்று மீண்டும் உறுதி செய்தது. 500 ரூபாய்க்கு மேல் வழங்கலாகாது என்று 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த உச்சவரம்பும் 2001-இல்தான் நீக்கப்பட்டது. ஒவ்வோர் அடியும் பெண்கள் நீதிமன்றப் படியேறிப் பெற்றது.

இனி, தொகை எவ்வாறு முடிவாகிறது என்பதைக் காண்போம். வழக்கு நடக்கும் காலத்துக்கு இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கோரலாம். இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அதற்கானது. தீர்ப்பின்போதோ அதன் பின்னரோ நிரந்தர ஜீவனாம்சம் வழங்க 25-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அது மாதத் தொகையாகவும் இருக்கலாம், ஒரே முறை வழங்கப்படும் மொத்தத் தொகையாகவும் இருக்கலாம். இவ்விரு பிரிவுகளின்கீழும் வருமானமற்ற கணவனும் வருமானமுள்ள மனைவியிடம் கோரலாம் என்பது பலரும் அறியாத செய்தி.

இவ்வளவு என்று சட்டம் எங்கும் எண்ணிட்டுச் சொல்லவில்லை. இருவரின் வருமானம், சொத்து, கடன், கல்வித் தகுதி, வயது, உடல்நிலை, மணவாழ்வின் நீளம், பிள்ளைகள் யாரிடம் வளர்கின்றனர், மனைவி குடும்பத்துக்காக வேலையைத் துறந்தாரா, மணவாழ்வில் எத்தகைய வாழ்க்கைத் தரத்துக்குப் பழகியிருந்தார், கணவனை நம்பியிருக்கும் பெற்றோர் உண்டா என்பனவற்றை நீதிபதி எடைபோட வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவர் என்றால் கையேந்தி நிற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டவர் என்று பொருளில்லை என உச்ச நீதிமன்றம் 2007-இல் தெளிவுபடுத்தியது. சம்பாதிக்கும் திறன் இருப்பதும் உண்மையில் சம்பாதிப்பதும் வேறு வேறு என்பதையும் அது பின்னர் வலியுறுத்தியுள்ளது. பட்டம் பெற்றவர் என்பதாலேயே, பத்தாண்டுகளாக வேலைச் சந்தையில் இல்லாத பெண்ணை வெறுங்கையோடு அனுப்பிவிட இயலாது.

அளவுகோலாக அடிக்கடி சுட்டப்படுவது கணவரின் நிகர ஊதியத்தில் 25 விழுக்காடு. 2017-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கொன்றில் கணவரின் நிகர மாத ஊதியம் 95,527 ரூபாய். கல்கத்தா உயர் நீதிமன்றம் 23,000 ரூபாய் வழங்கியிருந்தது. ஊதியத்தில் கால் பங்கு நியாயமானதே என்று கூறிய உச்ச நீதிமன்றம், கணவர் மறுமணம் செய்துகொண்டு புதிய குடும்பப் பொறுப்பை ஏற்றிருப்பதைக் கருதி அதை 20,000 ஆகக் குறைத்தது. கால் பங்கு என்பது மாறாத விதி அன்று. வழக்குக்கு வழக்கு மாறக்கூடிய வழிகாட்டி மட்டுமே என்பதை இவ்வழக்கே காட்டுகிறது.

நிகர ஊதியம் என்ற சொல்லுக்குள்தான் பல ஏய்ப்புகள் ஒளிந்திருக்கின்றன. கணவர் தரப்பு தாக்கல் செய்யும் ஊதியச் சீட்டொன்றை எடுத்துப் பார்த்தால் விளங்கும். மேலே அடிப்படை ஊதியமும் படிகளும் இருக்கும். கீழே பிடித்தங்களின் பட்டியல் நீளும்: வருமான வரி, கட்டாய வருங்கால வைப்பு நிதி, தாமாக விரும்பிச் செலுத்தும் கூடுதல் வைப்பு நிதி, கூட்டுறவுச் சங்கக் கடன், வழக்கு வந்த பின் வாங்கிய வாகனக் கடனின் தவணை, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம். கடைசி வரியில் கைக்கு வருவதாகக் காட்டப்படுவது முதல் வரியில் பாதியைக்கூடத் தொடாது. இவற்றுள் வரியும் கட்டாயப் பிடித்தமும் கழிக்கத் தக்கவை. தம் விருப்பத்தால் ஏற்ற சேமிப்பையும் கடனையும் காட்டி மனைவியின் பங்கைக் குறைக்க நீதிமன்றங்கள் பொதுவாக இடமளிப்பதில்லை. ஆயினும், அந்தச் சீட்டை வரி வரியாகப் பிரித்துக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞர் வாய்க்காத பெண்ணுக்குக் கடைசி வரியே கணக்காகிவிடுகிறது.

ஊதியச் சீட்டே இல்லாதவர்களின் நிலை இதனினும் கடினம். கடை வைத்திருப்பவர், லாரி ஓட்டுபவர், நிலத் தரகர், வட்டிக்கு விடுபவர் ஆகியோரின் வருமானம் எந்தத் தாளிலும் முழுமையாகப் பதிவதில்லை. வழக்கு வந்தவுடன் கடை தம்பியின் பெயருக்கு மாறுகிறது. வீடு தாயாரின் பெயரில் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டதாக ஒரு கடிதம் வருகிறது. உடல் நலமுள்ள கணவர் கூலி வேலை செய்தேனும் மனைவி மக்களைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கண்டிப்புடன் கூறியதற்கு இத்தகைய தந்திரங்களே காரணம்.

இதற்கு மருந்தாகவே 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் விரிவான தீர்ப்பு வந்தது. அவ்வழக்கின் வரலாறே நம் குடும்ப நீதியின் நோயைக் காட்டும். கைக்குழந்தையோடு வீட்டை விட்டு வெளியேறிய தாய் இடைக்கால ஜீவனாம்சம் கோரியது 2013-இல். மாதம் 15,000 ரூபாயும் குழந்தைக்குத் தனித்தொகையும் வழங்கக் குடும்ப நல நீதிமன்றம் ஆணையிட்டது 2015-இல். அந்த ஆணையை நிறைவேற்றும் போராட்டம் 2020 வரை நீண்டது. இடைக்கால நிவாரணமே ஏழாண்டுகள் இழுபட்டதைக் கண்ட நீதிமன்றம் நாடு முழுமைக்கும் பொதுவான நெறிகளை வகுத்தது.

அவற்றுள் தலையாயது, இருதரப்பும் தத்தம் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது. அதன் படிவத்தையும் தீர்ப்பே இணைத்துத் தந்தது; வேளாண் வருமானம் உள்ளோர்க்குத் தனிப் படிவமும் உண்டு. எதிர்த்தரப்புக்கு நான்கு வாரக் கெடு. வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவரது எதிர்வாதத்தையே நீக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. மனுவின் நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்பது அடுத்த நெறி. வழக்கை நீட்டினால் நீட்டிய காலத்துக்கும் சேர்த்தே கொடுக்க நேரும் என்பதால், வாய்தா வாங்குவதில் இருந்த ஆதாயத்தை இது அறுத்தது. பல சட்டங்களின்கீழ் பெறும் தொகைகளை ஒன்றோடொன்று ஈடுகட்ட வேண்டும் என்றும் கூறி, கணவர்மீது இரட்டைச் சுமை விழாமலும் தீர்ப்பு பார்த்துக்கொண்டது.

நெறி நல்லது, நடைமுறைதான் பின்தங்கியிருக்கிறது. அரைகுறையாக நிரப்பிய பிரமாணப் பத்திரங்கள் கேள்வியின்றி ஏற்கப்படுகின்றன. வங்கிக் கணக்கு விவரம் இணைக்கப்படாவிட்டால் அதற்கு இன்னொரு வாய்தா கிடைக்கிறது. இடைக்கால மனுவை இயன்றவரை அறிவிப்புக் கிடைத்த 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் திருத்தம் முதல் சட்டமே சொல்லிவருகிறது. 60 நாள் என்பது ஆறு மாதமாகவும், ஆண்டாகவும் நீள்வதை எந்த நீதிமன்றத்தின் வழக்குப் பட்டியலைப் பார்த்தாலும் அறியலாம். அதுவரை வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் காத்திருப்பதில்லை. காது, கழுத்தில் இருந்தவை அடகுக் கடைக்குப் போகின்றன. இறுதியில், கிடைக்க வேண்டியதில் பாதியை ஏற்று, இனி எதுவும் கோரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து மனமொத்த மணவிலக்கில் கையெழுத்திடும் பெண்கள் பலர். அந்தக் கையெழுத்தைச் சமரசம் என்று பதிவு செய்கிறோம். பசி வாங்கிய கையெழுத்து அது.

ஆணை கிடைத்த பிறகும் அலைச்சல் தீர்வதில்லை. கணவர் ஒரு மாதம் தவறினால் மனைவிதான் நிறைவேற்று மனு போட வேண்டும். பொதுச் சட்டத்தின் வழியில், தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போடாவிட்டால் அந்த நிலுவைக்குப் பிடியாணை பெற இயலாது. பிடியாணை பிறந்தாலும் அதை எடுத்துச் செல்லும் காவலர், வீடு பூட்டியிருக்கிறது, ஆள் ஊரில் இல்லை என்று எழுதித் திருப்பினால், மறு வாய்தாவில் அதே கதை தொடங்கும். செலுத்தாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைவைக்கலாம் என்பது சட்டம். சிறை சென்றாலும் கடன் தீராது என்பதையும் உச்ச நீதிமன்றம் 1988-இலேயே கூறிவிட்டது. ஆனால், சிறையில் கிடப்பவரிடமிருந்து அந்த மாத அரிசிக்கு வழி பிறப்பதில்லை.

சிறையைவிடப் பயன்தரும் கருவிகள் சட்டத்திலேயே உள்ளன. பிற கடன்களுக்கு ஊதியத்தில் சிறு பகுதியையே பற்றுகை செய்ய முடியும். ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்கு மூன்றில் இரு பங்கு வரை பற்றுகை செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. நிரந்தர ஜீவனாம்சத்தைக் கணவரின் அசையாச் சொத்தின்மீது பொறுப்பாக ஏற்றலாம் என்று இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே கூறுகிறது. அவ்வாறு ஏற்றினால், அந்தப் பொறுப்பைத் தீர்க்காமல் சொத்தைக் கைமாற்றித் தப்புவது எளிதாக இராது. கேட்காமலே இவற்றைப் பயன்படுத்தும் வழக்கம் நீதிமன்றங்களில் ஏற்பட வேண்டும்.

மறுதரப்பின் குறைகளையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். நல்ல வருமானம் ஈட்டிக்கொண்டே அதை மறைத்து மனுப் போடுபவர்கள் உண்டு. பழி தீர்க்கும் கருவியாக வழக்கைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. நாளுக்கு 600 ரூபாய் கூலி பெற்று, நோயுற்ற தாயையும் காப்பவருக்குத் தாங்க முடியாத தொகை விதிக்கப்பட்டால் அதுவும் அநீதியே. பிரிந்த கணவரின் செல்வத்தோடு சமநிலை கோர மனைவிக்கு உரிமையில்லை என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது நியாயமானதே. இந்தக் குறைகளுக்கெல்லாம் விடை ஒன்றுதான். இருவரின் உண்மை வருமானமும் நீதிபதியின் மேசைக்கு வர வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னவர் கணவராயினும் மனைவியாயினும் வழக்கை எதிர்கொள்ள வேண்டும். உண்மைக் கணக்கு, ஏழைக் கணவருக்கும் காப்பு; ஏமாற்றப்பட்ட மனைவிக்கும் காப்பு.

2024 டிசம்பரில் ஒரு வழக்கில் ஐந்து கோடி ரூபாய் நிரந்தர ஜீவனாம்சம் வழங்கப்பட்டதும் நாடே அதைப் பேசியது. ஜீவனாம்சம் என்றாலே கோடிகள் என்ற தோற்றம் இத்தகைய செய்திகளால் உருவாகிறது. சிற்றூர்களின் நீதித்துறை நடுவர் மன்றங்களில் நாள்தோறும் எழுதப்படும் ஆணைகள் சில ஆயிரங்களைத் தாண்டுவதில்லை. அந்தச் சில ஆயிரங்களே ஒரு குழந்தையின் படிப்பைத் தீர்மானிக்கின்றன. ஆட்சியாளர்களின் கவனம் திரும்ப வேண்டியது அங்கேதான்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முழுமையான பிரமாணப் பத்திரம் இல்லாத மனுவையும் எதிருரையையும் ஏற்க வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்குக் கண்டிப்பாக அறிவுறுத்தி, 60 நாள் கெடு தவறிய மனுக்களின் எண்ணிக்கையை மாதந்தோறும் கேட்டுப் பெற வேண்டும். ஒரே நிலையில் உள்ள இரு பெண்கள் இரண்டு நீதிமன்றங்களில் வெவ்வேறு தொகை பெறும் அவலத்தைக் குறைக்க, வருமானத்தையும் மணவாழ்வின் ஆண்டுகளையும் அடிப்படையாகக் கொண்ட வழிகாட்டு அட்டவணை ஒன்று தேவை. கனடாவில் 2008-இல் அத்தகைய அறிவுரை நெறிகள் வெளியாயின. பிள்ளைகள் இல்லாத மணவாழ்வில், இருவரின் மொத்த வருமான வேறுபாட்டில் ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு வீதம், பாதி வேறுபாடு வரையில் தொகையை அவை கணக்கிடுகின்றன. நீதிபதியை அவை கட்டுப்படுத்துவதில்லை. பேச்சுவார்த்தைக்கு ஒரு தொடக்கப் புள்ளியைத் தருகின்றன. நம் நாட்டு நிலைக்கேற்ற அட்டவணையை நம் சட்ட ஆணையம் வகுக்க வேண்டும்.

விலைவாசி ஏற்றத்தில் கரையாதபடி தொகையே காலந்தோறும் உயரும் ஏற்பாடும் தேவை. 2025 மே மாதத்தில், மாதந்தோறும் 50,000 ரூபாய் வழங்கிய வழக்கில், ஈராண்டுக்கு ஒரு முறை ஐந்து விழுக்காடு உயர்வையும் உச்ச நீதிமன்றம் சேர்த்தே ஆணையிட்டது. இதைப் பொது வழக்கமாக்கினால், தொகையைக் கூட்டக் கோரி மீண்டும் மீண்டும் படியேறும் துயர் நீங்கும். மாத ஊதியம் பெறுவோரிடம் நிறுவனமே பிடித்துச் செலுத்தும்படி முதல் ஆணையிலேயே எழுத வேண்டும். ஜெர்மனியில், பெற்றோரில் ஒருவர் குழந்தைக்குரிய தொகையைத் தராதபோது அரசு முன்பணம் வழங்கிப் பின்னர் அவரிடம் வசூலிக்கிறது. மகளிர் நலத்தில் முன்னோடி என்று பெருமை கொள்ளும் தமிழ்நாடு, குறைந்தது குழந்தைகளின் பங்குக்கேனும் அத்தகைய நிதியம் ஒன்றைத் தொடங்கலாம்.

நம் பெண்களுக்கு ஒரு சொல். கணவரின் ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்கு, சொத்துப் பத்திரம் ஆகியவற்றை அறிந்து வைத்திருப்பது ஐயப்படுவது ஆகாது. அது இல்லறத்தின் பொதுக் கணக்கு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். பணமில்லை என்பதற்காக எவரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை.

மாநில அரசும் உயர் நீதிமன்றமும் கூடி அமர்ந்து, நிலுவையில் உள்ள ஒவ்வொரு ஜீவனாம்ச ஆணையையும் கணக்கெடுத்து, வசூலித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். ஆணையிட்ட நீதிமன்றமே அதை நிறைவேற்றித் தரவும் கடமைப்பட்டது. வாங்கித் தரும் வேலையை, ஏற்கெனவே வழக்கில் வென்ற பெண்ணின் தலையில் மீண்டும் சுமத்துவதை இனியேனும் நிறுத்துவோம்.